நாயின் இடுப்பு: குட்டி போட விடுமுன் எந்தப் பரிசோதனை?

வழமையாக இந்தப் பகுதியில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று எழுதி வருகிறோம். இம்முறை வீட்டிலுள்ள நாலுகால் உறுப்பினரைப் பற்றிப் பார்ப்போம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் எம்மவர் வீடுகளில் நாய் வளர்ப்பது இப்போது சாதாரணமாகி விட்டது. பிள்ளைகள் அழுது அடம்பிடித்து வாங்கிய லப்றடோரோ, கோல்டன் றிற்றீவரோ, ஜேர்மன் ஷெப்பேட்டோ இரண்டு வருடத்தில் முழு வளர்ச்சி அடைந்துவிடும். அப்போது "ஒருமுறை குட்டி போட விடுவோமா?" என்ற கதை எழும். தெரிந்த ஒருவர் வீட்டில் கம்பீரமான ஆண் நாய் இருக்கும். குட்டிகளுக்கு இப்போதே மாமா வீடு, மச்சாள் வீடு, வேலைத்தலத்து நண்பர் என்று ஆட்களும் வரிசையில் நிற்பார்கள்.

பிள்ளைகளின் கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், நாய்க்கு ஒரு பொருத்தமாவது பார்க்க வேண்டும். அதில் முதலாவது இடுப்பு. பெரிய இன நாய் ஒன்று ஒரு முறையில் ஏழு, எட்டுக் குட்டிகள் போடக்கூடும். தாயிடமோ தகப்பனிடமோ உள்ள இடுப்புக் கோளாறு அந்த எட்டு வீடுகளுக்கும் போகலாம். ஒரு வயதுகூட ஆகாத நாய் எழும்ப முடியாமல் அனுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய துன்பம். சத்திரசிகிச்சை வரை போனால் பெற்றோருக்கு வரும் கட்டணச் சீட்டு ஆயிரக்கணக்கான டொலர்களில் இருக்கும்.

நோய் என்ன?

இதை ஆங்கிலத்தில் ஹிப் டிஸ்பிளேசியா என்பார்கள். இடுப்பு மூட்டின் பிழையான வளர்ச்சி என்று நாம் சொல்லலாம். தொடை எலும்பின் மேல் நுனி ஒரு பந்து போல உருண்டையாக இருக்கும். இடுப்பெலும்பில் அதற்கென்று ஒரு கிண்ணம் இருக்கும். ஆட்டுக்கல்லில் குழவி இருப்பதை நினைத்துப் பாருங்கள். குழவி குழிக்கு அளவாக இருந்தால் மா ஒழுங்காக அரைபடும். குழி ஆழம் குறைந்து, குழவி அங்குமிங்கும் ஆடினால் இரண்டும் தேயும். மூட்டிலும் அதுவே நடக்கிறது. பந்து கிண்ணத்தில் இறுக்கமாக இராமல் ஆடுகிறது, ஆட ஆடக் குருத்தெலும்பு தேய்கிறது, உடம்பு அதைச் சரிக்கட்டப் புது எலும்பை வளர்க்கிறது, முடிவில் மூட்டுவாதம்.

இந்த நோயுள்ள குட்டி பிறக்கும்போது அதன் இடுப்பு சாதாரணமாகவே தோன்றும். அடுத்து வரும் வாரங்களிலும் மாதங்களிலும்தான் தளர்வு உண்டாகிறது. எட்டு வாரக் குட்டியை வாங்கும்போது யாரும் கையால் தடவிப் பார்த்து "இதற்கு இடுப்பு நல்லது" என்று சொல்ல முடியாது. (எம் குழந்தைகள் பிறந்தவுடன் வைத்தியர் காலை மடக்கி விரித்துப் பார்ப்பாரே, அதில் ஒன்று ஓர்ட்டொலானி சோதனை. இத்தாலியக் குழந்தை வைத்தியர் ஒருவரின் பெயரால் வந்தது. நாய்களிலும் அதே சோதனையைச் சில மாத வயதில், மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள்.)

பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் துள்ளி ஓடுதல், படுத்து எழும்பச் சிரமப்படுதல், காரில் ஏறப் பின்வாங்குதல், பின்தொடைச் சதை மெலிதல் ஆகியவை அறிகுறிகள். ஆனால் எந்த அறிகுறியும் காட்டாமல் பல வருடங்கள் ஓடித் திரியும் நாய்களும் உண்டு. "எங்கட நாய் நல்லாத்தான் ஓடுது, அதுக்கு ஒரு குறையும் இல்லை" என்பது எம்மவர் அடிக்கடி சொல்லும் நியாயம். ஓடுவது இடுப்புக்குச் சான்று ஆகாது. படம் எடுத்துப் பார்க்கும்வரை தெரியாது.

ஊரில் அல்சேஷன் வளர்த்த வீடுகளில் "கடைசியில் பின்னங்கால் விழுந்திட்டுது" என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அதற்கு இடுப்பு மட்டுமே காரணமென்று இல்லை. ஜேர்மன் ஷெப்பேட்டில் முள்ளந்தண்டு நாண் தேய்ந்து பின்கால்கள் செயலிழக்கும் இன்னொரு நோயும் உண்டு. அது பெரும்பாலும் எட்டு வயதுக்குப் பின் வரும், வலி இராது, அதற்கான மரபணுச் சோதனையும் இருக்கிறது. இடுப்பு நோய்க்கு அப்படி ஒரு மரபணுவைப் பார்த்து முடிவு சொல்லும் சோதனை இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து கொடுக்கும் நோய் இது. உணவும் வளர்ப்பும் அதன் மேல் சேருகின்றன. அதனால்தான் எக்ஸ்றே படம் இன்னும் முக்கியமாக இருக்கிறது.

இரண்டு வயதில் ஓ.எவ்.ஏ.

வட அமெரிக்காவில் அதிகம் அறியப்பட்டது ஓ.எவ்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவனத்தின் முறை. 1966 இல் தொடங்கப்பட்ட இந்த இலாப நோக்கற்ற நிறுவனம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் இருக்கிறது. கனடாவில் எந்த மிருக வைத்தியரிடமும் படம் எடுத்து அங்கே அனுப்பலாம். நாயை மல்லாக்காகப் படுக்க வைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் நேராகப் பின்னுக்கு நீட்டி, முழங்கால்களைச் சற்று உள்ளே திருப்பி ஒரே ஒரு படம். அதை மூன்று கதிரியக்க நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்துத் தரம் சொல்வார்கள்.

தரங்கள் ஏழு. மிக நன்று, நன்று, போதுமானது என்ற மூன்றும் தேறியவை. நடுவில் எல்லைக்கோடு. அதற்குக் கீழே லேசானது, நடுத்தரம், கடுமை என்று மூன்று நோய்த் தரங்கள். தேறிய நாய்க்கு இலக்கம் கொடுக்கப்படும். நாய்க்கு 24 மாதம் நிறைந்திருந்தால்தான் இந்த நிரந்தர இலக்கம். நாலு மாதத்திலிருந்து முன்னோட்டமாகப் படம் அனுப்பலாம். ஆனால் அது சான்றிதழ் அல்ல. ஓ.எவ்.ஏ. தானே வெளியிட்ட கணக்கின்படி, முன்னோட்டத்தில் "மிக நன்று" பெற்ற நாய்கள் யாவும் இரண்டு வயதிலும் தேறியிருந்தன. "நன்று" பெற்றவற்றில் ஏறத்தாழ 98 வீதம் தேறின. "போதுமானது" பெற்றவற்றில் 77 வீதமே தேறின. ஆகவே "முன்னோட்டத்தில் பாஸ்" என்று பதினாறு மாத நாயைச் சேர்க்கக் கேட்பவரிடம், எந்தத் தரத்தில் பாஸ் என்று கேட்க வேண்டும்.

இம்முறையின் நன்மைகள் வெளிப்படை. செலவு குறைவு, எல்லா வைத்தியரும் செய்யலாம், மயக்க மருந்து கட்டாயம் இல்லை (நாய் அசையாமல் இருந்தால் படம் நன்றாக வரும் என்பதால் பல வைத்தியர்கள் கொடுக்கவே விரும்புவார்கள்). எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை, முடிவுகளை யாரும் இலவசமாக இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

குறை எங்கே? கால்களை நேராக நீட்டும்போது மூட்டைச் சுற்றியுள்ள உறை, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல முறுகி இறுகுகிறது. அந்த இறுக்கம் பந்தைக் கிண்ணத்துக்குள் தள்ளிவிடுகிறது. நாய் நிற்கும்போது இருக்கும் தளர்வு படத்தில் மறைந்துவிடலாம். தேய்மானம் தொடங்கிய மூட்டை இந்தப் படம் காட்டும்; தேயப் போகும் மூட்டைச் சில வேளைகளில் காட்டாது.

தளர்வை அளக்கும் பென்ஹிப்

இந்தக் குறையிலிருந்துதான் அடுத்த முறை பிறந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பேராசிரியர் கேயில் ஸ்மித் 1983 இல் ஆய்வைத் தொடங்கினார். 1993 இலிருந்து மற்ற வைத்தியர்களும் பயிற்சி பெற்றுச் செய்யத் தொடங்கினார்கள். இதில் மூன்று படங்கள். முதலாவது மேலே சொன்ன அதே நீட்டிய படம். இரண்டாவதில் கால்கள் நிற்கும் நிலைக்கு அண்மையாக இருக்க, பந்தைக் கிண்ணத்துக்குள் அழுத்தி எடுப்பார்கள். மூன்றாவதில் தொடைகளுக்கிடையில் ஒரு கருவியை வைத்துப் பந்தை மெதுவாக வெளிப்புறம் விலக்கி எடுப்பார்கள். பந்தின் நடுப்புள்ளி கிண்ணத்தின் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைப் பந்தின் ஆரையால் பிரித்தால் ஓர் எண் வரும். இதுதான் விலகல் சுட்டெண். 0 என்றால் பந்து அசையவே இல்லை. 1 என்றால் பந்து கிண்ணத்தைவிட்டு முழுதாக வெளியே வந்துவிட்டது.

0.30 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பிற்காலத்தில் மூட்டுவாதம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேலே போகப் போக ஆபத்து கூடும். எல்லா இனத்துக்கும் ஒரே அளவில் கூடாது. ஒரே சுட்டெண் உள்ள ஜேர்மன் ஷெப்பேட்டுக்கு மற்ற இனங்களைவிட மூட்டுவாதம் வரும் வாய்ப்பு அதிகம். அறிக்கையில் இந்த எண்ணோடு, அதே இன நாய்களுக்கிடையில் உங்கள் நாய் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் இருக்கும். தன் இனத்தின் நடு அளவைவிட இறுக்கமான இடுப்புள்ள நாய்களையே இனப்பெருக்கத்துக்கு எடுக்க வேண்டும் என்பது அவர்களின் ஆலோசனை.

16 வாரத்திலேயே இதைச் செய்யலாம் என்பது இம்முறையின் பெரிய பலம். இன்னொரு பலம், எடுத்த படங்கள் நல்லதோ கெட்டதோ கட்டாயம் அனுப்பப்பட வேண்டும் என்ற விதி. ஓ.எவ்.ஏ. முறையில் அப்படி இல்லை. படம் மோசம் என்று வைத்தியரின் அறையிலேயே தெரிந்தால் சொந்தக்காரர் அனுப்பாமலே விட்டுவிடலாம். அனுப்பினாலும், தேறாத முடிவை வெளியிடச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். அதனால் அங்குள்ள இனவாரிக் கணக்குகள் உண்மையைவிடச் சற்று அழகாகத் தோன்றும் என்றே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பென்ஹிப்பின் குறைகள்: ஆழ்ந்த மயக்கம் கட்டாயம், பயிற்சி பெற்ற வைத்தியரைத் தேடிப் போக வேண்டும், செலவு கூட, முடிவுகளை ஓ.எவ்.ஏ. போலப் பொதுவில் தேடுவது எளிதல்ல.

2010 இல் பென்ஹிப் ஆய்வாளர்கள் இரண்டு வயதுக்கு மேற்பட்ட 439 நாய்களை இரண்டு முறையிலும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். நீட்டிய படத்தில் தேறிய நாய்களில் 80 வீதமானவற்றின் சுட்டெண் 0.30 அல்லது அதற்கு மேல் இருந்தது. "மிக நன்று" பெற்றவற்றிலும் பாதிக்கு மேல் அப்படியே. இதைப் படித்தவுடன் ஓ.எவ்.ஏ. பயனற்றது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆய்வைச் செய்தவர்கள் தமது முறைக்காக நிற்பவர்கள் என்பது ஒன்று. தளர்வு இருப்பதும் நோய் வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல என்பது இன்னொன்று. 0.45 உள்ள ஒரு லப்றடோர் மெலிந்த உடம்போடு வாழ்நாள் முழுவதும் சுகமாக இருக்கவும் கூடும். ஆனால் அதன் குட்டிகளுக்கு அது எதைக் கொடுக்கிறது என்ற கேள்வி வேறு. அந்தக் கேள்விக்கு எண் கூடுதலாக உதவுகிறது என்பதே எமது எண்ணம்.

ஐரோப்பியத் தாள்கள்

ஜேர்மனியிலிருந்தோ பிரான்சிலிருந்தோ உறவினர் மூலம் நாய் எடுப்பவர்களும் உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் எவ்.சி.ஐ. அமைப்பின் முறைப்படி ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்துகள். ஏ நல்லது, ஈ கடுமை. பிரித்தானியாவில் அந்நாட்டு மிருக வைத்தியர் சங்கமும் கெனல் கிளப்பும் வகுத்த புள்ளி முறை. ஒரு பக்க இடுப்புக்கு 0 முதல் 53, இரண்டும் சேர்த்து 0 முதல் 106. அங்கே புள்ளி குறைந்தால்தான் நல்லது. லண்டனிலிருந்து வந்த தாளில் "10" என்றிருப்பதைப் பார்த்து, பத்துக்குப் பத்து என்று மகிழவும் வேண்டாம், நூற்றுக்குப் பத்து என்று கவலைப்படவும் வேண்டாம். அது நல்ல புள்ளிதான். இந்த இரண்டும் நீட்டிய படத்தையே பார்க்கின்றன. ஆகவே ஓ.எவ்.ஏ. பற்றிச் சொன்ன குறை இவற்றுக்கும் பொருந்தும்.

ஆக, எதைத் தெரிவு செய்வது?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு வயது தாண்டிய லப்றடோர் பெட்டை. ஒரேயொரு முறை குட்டி போட விடும் எண்ணம். இவர்களுக்குக் குறைந்தபட்சம் ஓ.எவ்.ஏ. இல்லாமல் இணை சேர்க்க வேண்டாம் என்றே சொல்வோம். தங்கள் நாய்க்கு மட்டும் போதாது, ஆண் நாய்க்கும் வேண்டும். ஆண் நாயின் சொந்தக்காரரிடம் கேட்க வெட்கப்படுவார்கள், தெரிந்தவர் அல்லவா! கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர் நாயும் இவர் நாயும் சேர்ந்துதான் அந்தக் குட்டிகளுக்குப் பொறுப்பு.

கையில் பணமும், ஓடிப்போகக்கூடிய தூரத்தில் பென்ஹிப் செய்யும் வைத்தியரும் இருந்தால், ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிக்கலாம். பென்ஹிப்பின் முதலாவது படமும் ஓ.எவ்.ஏ. கேட்கும் படமும் ஒன்றுதான். 24 மாதம் நிறைந்த நாயென்றால் அந்தப் படத்தின் பிரதியை ஓ.எவ்.ஏ.க்கும் அனுப்பும்படி வைத்தியரைக் கேளுங்கள். முழங்கைப் படங்களையும் அதே மயக்கத்தில் எடுத்துவிடலாம். பலர் இதை அறியாமல் நாயை இரண்டு தரம் மயக்கிச் செலவழிக்கிறார்கள்.

இன்னொரு குடும்பம். குட்டிகளில் ஒன்றைத் தாமே வைத்திருந்து, நாளைக்கு அதையும் இனப்பெருக்கத்துக்கு எடுக்க யோசிக்கிறார்கள். இவர்களுக்கு 16 வாரத்துக்குப் பின் பென்ஹிப்தான் பொருத்தம். இரண்டு வருடம் காத்திருந்து, பிள்ளைகளும் பாசம் வைத்து, எல்லாத் திட்டமும் போட்ட பின் "தேறவில்லை" என்று கேட்பதைவிட, நாலு மாதத்தில் தெரிந்துகொண்டு அதை வீட்டுச் செல்லமாக மட்டும் வளர்ப்பது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. தளர்வு மிக அதிகமான குட்டிக்கு ஏறத்தாழ 12 முதல் 20 வார வயதுக்குள் இடுப்பெலும்பின் வளர்ச்சியைத் திருத்தும் சிறிய சத்திரசிகிச்சை ஒன்று செய்யலாம். அந்த வயது கடந்தால் அது பயன் தராது. 16 வாரம் நிறைந்தவுடனேயே படத்துக்கு நாள் குறித்தால்தான் அந்த வாய்ப்புக் கைக்கு எட்டும். அந்தச் சிகிச்சை பெற்ற நாயைக் கட்டாயம் கருத்தடை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் நல்ல இடுப்புப் போலத் தோன்றி, கெட்ட மரபைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிடும்.

பெட்டை நாய் என்றால் நாட்கணக்கும் பார்க்க வேண்டும். பருவத்துக்கு வரும் காலத்தில் ஓமோன்களால் மூட்டு சற்றுத் தளரலாம். ஆகவே பருவத்துக்கு மூன்று, நாலு வாரம் முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டாம் என்று ஓ.எவ்.ஏ. சொல்கிறது. குட்டி போட்ட நாய் என்றால் பால் மறந்து ஒரு மாதமாவது போக வேண்டும். பல நாய்கள் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வருவதால், இரண்டு பருவத்துக்கும் நடுவில் ஒரு நாளைப் பிடித்து வைத்தால் முடிவும் கையில் வந்துவிடும், அடுத்த பருவத்துக்குள் ஆண் நாயைத் தேடவும் நேரம் இருக்கும். பருவம் வந்த பின் அவசரமாக வைத்தியரிடம் ஓடுவதில் பயனில்லை.

தரம் "போதுமானது" என்று வந்தால்? அது தேறிய தரம். சேர்க்கலாம். ஆனால் துணை நாய் "நன்று" அல்லது அதற்கு மேலாக இருப்பது நல்லது. அதோடு குடும்பத்தையும் பார்க்க வேண்டும். ஒரு நாயின் படம் அந்த நாயைப் பற்றித்தான் சொல்லும். அதன் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெற்றோர் எப்படி இருக்கிறார்கள் என்பது அதன் மரபைப் பற்றிச் சொல்லும். உடன்பிறந்தவற்றில் 75 வீதத்துக்கு மேல் தேறியிருக்கும் நாயையே தெரிவு செய்யுங்கள் என்பது ஓ.எவ்.ஏ.யின் வழிகாட்டல். இப்படி உறவினர் முடிவுகளையும் கணக்கில் எடுத்து ஒழுங்காகத் தெரிவு செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு வழிகாட்டி நாய்களே சாட்சி. அமெரிக்காவில் பார்வையற்றோருக்கு நாய் பழக்கும் நிலையமொன்றின் கணக்கு 1997 இல் வெளியானது. ஐந்து தலைமுறைக்குள், இடுப்பு நோயுள்ள ஜேர்மன் ஷெப்பேட்டுகள் 55 வீதத்திலிருந்து 24 வீதத்துக்கும், லப்றடோர்கள் 30 இலிருந்து 10 வீதத்துக்கும் குறைந்தன. அவர்கள் எல்லா நாய்களையும் பரிசோதித்தார்கள், எந்த முடிவையும் மறைக்கவில்லை. வீட்டில் ஒருமுறை குட்டி போட விடும் எமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் குட்டிகளை வாங்கும் எட்டு வீட்டாரிடமும் "இரண்டு வயதில் படம் எடுத்து முடிவை எமக்கும் சொல்லுங்கள்" என்று கேட்டு வைக்கலாம்.

குட்டி வாங்குபவர்களுக்கு

"பேப்பர் இருக்குது" என்பார்கள். எந்தப் பேப்பர்? கனடாவின் விலங்கு வம்சாவளிச் சட்டத்தின்படி, தூய இனம் என்று சொல்லி விற்பவர் ஆறு மாதத்துக்குள் பதிவுச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் நாயின் வம்சத்தைச் சொல்கிறது. இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டும் வெவ்வேறு பேப்பர்.

ஓ.எவ்.ஏ. இலக்கத்தைக் கேட்டு வாங்கி வீட்டில் வந்து வாசியுங்கள். முதலில் இனத்தைக் குறிக்கும் எழுத்துகள், பிறகு வரிசை எண். அடுத்து வரும் ஓர் எழுத்துத்தான் தரம்: ஈ என்றால் மிக நன்று, ஜீ என்றால் நன்று, எவ் என்றால் போதுமானது. அதன்பின் படம் எடுத்தபோது நாயின் வயது, மாதக்கணக்கில். பிறகு ஆண், பெண் என்பதற்கான எழுத்து. கடைசியில், மைக்றோசிப் அல்லது பச்சைகுத்து மூலம் அந்த நாய்தான் என்று உறுதிசெய்யப்பட்டதா என்ற குறி. அடையாளம் இல்லாத நாயின் முடிவை எந்த நாய்க்கும் காட்டலாம் என்பதால் இந்தக் கடைசிக் குறியைக் கட்டாயம் பாருங்கள். சிலர் "சிக் இலக்கம் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது அந்த இனத்துக்குரிய சோதனைகள் எல்லாம் செய்யப்பட்டு முடிவுகள் வெளியிடப்பட்டன என்பதற்கான இலக்கம். எல்லாவற்றிலும் தேறியது என்று பொருளல்ல. உள்ளே போய் ஒவ்வொரு முடிவையும் பார்க்க வேண்டும்.

லப்றடூடில், கோல்டன்டூடில் போன்ற கலப்புகளை விற்பவர்கள் "கலப்பு என்றால் நோய் வராது" என்பார்கள். இரண்டு பக்கமும் தளர்ந்த இடுப்பு இருந்தால் கலப்புக்கும் வரும். கலப்பு நாயின் பெற்றோருக்கும் இதே சோதனைகளைக் கேட்கலாம். "வைத்தியர் பார்த்தவர், ஓகே சொன்னவர்" என்பது சோதனை அல்ல.

பரிசோதனைக்குப் பின்னும் எம் கையில் இருப்பது

நல்ல பெற்றோரின் குட்டிக்கும் வளர்ப்பு முக்கியம். எம் வீடுகளில் அன்பு என்றால் சாப்பாடுதான். அப்பம்மா மேசைக்குக் கீழே கொடுக்கும் கோழித்துண்டை யாராலும் நிறுத்த முடியாது! ஆனால் இதைக் கேளுங்கள். நாயுணவு நிறுவனமான பியூரினா 48 லப்றடோர்களைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 வீதம் குறைவான உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தது. முடிவு 2002 இல் வந்தது. குறைவாக உண்டவற்றின் இடை ஆயுள் 13 வருடம், மற்றவற்றினுடையது 11.2 வருடம். குறைவாக உண்டவற்றில் இடுப்பு மூட்டுவாதமும் குறைவாக, பிந்தியே வந்தது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். பெரிய இனக் குட்டிக்கு எலும்பு உறுதிக்கென்று மேலதிகக் கல்சியம் கொடுப்பதும் கெடுதல். (கறி வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறோம்.)

நோர்வேயில் 2012 இல் வெளியான ஆய்வொன்றில் லப்றடோர், நியூபவுண்லாந்து, லியோன்பேகர், ஐரிஷ் வுல்ப்ஹவுண்ட் என்ற நாலு பெரிய இனங்களைப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்கு முன் படிக்கட்டில் ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு நோய் வரும் வாய்ப்புக் கூடியிருந்தது. அதே வயதில் புல்வெளியில் கட்டில்லாமல் ஓடித் திரிந்தவற்றுக்குக் குறைந்திருந்தது. எங்கள் வீடுகளில் நிலக்கீழ் அறைக்கும் மேல்மாடிக்கும் நாளுக்குப் பத்துத் தரம் ஏற்ற இறக்கம். குட்டியின் முதல் மூன்று மாதமாவது படியில் தூக்கிக்கொண்டு போங்கள், வாசலில் ஒரு தடுப்பை வையுங்கள்.

உங்கள் நாய் தேறாவிட்டால் இனப்பெருக்கத்துக்கு எடுக்க வேண்டாம், அவ்வளவுதான். அதன் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று பொருளல்ல. எடையைக் குறைத்து வைத்தல், நீந்த விடுதல், வழுக்கும் தரையில் பாய் விரித்தல், தேவைப்படும்போது வைத்தியர் தரும் வலி மருந்து, இவற்றோடு பல நாய்கள் நல்லபடி வாழ்கின்றன. மனிதருக்கான பரசிற்றமோல், ஐபுபுறூபன் போன்றவற்றை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கடுமையான நிலையில் மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சையும் உண்டு. எது பொருந்தும் என்பதை எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரே சொல்ல வேண்டும்.

படத்துக்குப் போகும் நாளில்: மயக்க மருந்து கொடுப்பார்கள் என்றால் முதல் நாள் இரவு எத்தனை மணிக்குப் பின் உணவு கொடுக்கக் கூடாது என்று கேட்டு வைத்திருங்கள். மைக்றோசிப் இலக்கத்தையும் பதிவுத் தாளையும் கையோடு கொண்டு போங்கள். தேறாவிட்டாலும் முடிவை வெளியிடச் சம்மதம் என்ற இடத்தில் ஒப்பமிட்டுவிட்டு வாருங்கள்.